கரைச்சல் கொடுக்காதவர்கள்

சிவகௌரி சிரிக்கும்போது இடது கையால் வாயை மூடிக்கொள்வார். புதிதாகப் பழகுகிறவர்கள் கூச்சம் என்று நினைப்பார்கள். மேல்வரிசையில் முன்பற்கள் இல்லை. தென்லண்டனில் மிச்சம் என்ற ஊரில் அவரைத் தெரிந்தவர்களுக்கு இது தெரியும். தெரிந்ததால் யாரும் கேட்பதில்லை. கழற்றிப் போடும் பல் செட் ஒன்று செய்வித்தார். சாப்பிடும்போது ஆடியது, கதைக்கும்போது வழுக்கியது. குளியலறை அலுமாரியில் ஒரு கோப்பைக்குள் அது பல வருடங்களாக அவருக்குப் பதிலாகச் சிரித்துக்கொண்டிருக்கிறது.

அவருக்கு வேலை மினிபஸ் ஓட்டுவது. விசேட தேவையுள்ள பிள்ளைகளைக் காலையில் வீட்டு வாசலில் ஏற்றிப் பள்ளிக்கூடத்தில் இறக்குவார். பின்னேரம் திருப்பிக் கொண்டுபோய் விடுவார். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. கணவர் மகேசன் காலமாகிப் பல வருடங்கள். ஒரே மகள் சயந்தினி கிங்ஸ்பரியில் குடும்பமாக இருக்கிறாள். சிவகௌரி தனியாக இருக்கிறார் என்பது வீட்டுக்குள் மட்டும்தான் உண்மை. வெளியே காலெடுத்து வைத்தால், ஃபேர் கிரீன் கடைத்தெரு மணிக்கூட்டைத் தாண்டுவதற்குள் நாலு பேர் மறித்துவிடுவார்கள்.

வியாழக்கிழமை பின்னேரம் மட்டும் அவர் யாரோடும் நிற்பதில்லை. அது கிரெடிட் யூனியன் திறக்கும் நேரம்.

த்ரீ கிங்ஸ் கிரெடிட் யூனியன் என்பது ஒரு தேவாலய மண்டபத்தில் போட்ட இரண்டு மேசைகள், ஒரு கணினி, ஒரு கேத்தல். மிச்சத்தில் வசிப்பவர்களும் வேலை செய்பவர்களும் அதில் சேரலாம். சேர்ந்தவர்கள் போடும் காசிலிருந்து சேர்ந்தவர்களுக்கே கடன் போகும். கடன் எடுத்தவர்கள் கட்டும் வட்டியில்தான் மண்டப வாடகையும் மின்சாரமும். ஏதாவது எஞ்சினால் சேமித்தவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். எவ்வளவு போட்டிருந்தாலும் ஆளுக்கு ஒரு வாக்கு. தொடங்கியவர்கள் ஜமேய்க்காவிலிருந்து வந்த சில குடும்பங்கள். அவர்களில் இன்றும் மேசைக்குப் பின்னால் இருப்பவர் பேர்ல் ஒஸ்போர்ன். மருத்துவமனைத் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவர். சிவகௌரியை 'கோரி' என்று கூப்பிடும் ஒரே ஆள்.

சிவகௌரி அந்த மண்டபத்துக்கு முதலில் போனது தொண்ணூறுகளின் கடைசியில். அப்போது இரவில் அலுவலகங்களைத் துப்புரவு செய்துகொண்டிருந்தார். மகேசன் பெற்றோல் நிலையத்தில். பள்ளிப் பிள்ளைகளை ஏற்றும் ஒப்பந்தக்காரர்களுக்குச் சாரதிகள் தேவைப்பட்டார்கள். பகல் வேலை, சயந்தினி பள்ளியில் இருக்கும் நேரத்தோடு பொருந்தும் வேலை. ஆனால் கார் ஓட்டப் படிக்கவேண்டும், அதற்குப் பிறகு மினிபஸ்ஸுக்குத் தனியாகச் சோதனை எடுக்கவேண்டும். இரண்டுக்கும் சேர்த்துக் கையில் பணம் இல்லை. கடைத்தெருவில் இருந்த ஒரு வங்கிக்குப் போனார். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் மிகவும் மரியாதையாக, நீங்கள் இதுவரை எங்கும் கடன் எடுத்ததில்லை, அதனால் உங்களைப் பற்றி எங்களுக்கு ஒன்றும் தெரியாது என்றார்.

"கடன் வாங்காமல் இருந்ததுக்கு ஒரு தண்டனையப்பா" என்று அன்றிரவு மகேசனிடம் சொன்னார்.

மண்டபத்தில் அன்று பேர்லோடு இன்னும் இருவர் இருந்தார்கள். கடன் கொடுப்பதைத் தீர்மானிக்கும் குழு அந்த மூவர்தான். தேநீர் கொடுத்தார்கள். பேர்ல் மூன்று கேள்வி கேட்டார். முதல் கேள்வி, எதற்காக. இரண்டாவது, எப்படித் திருப்பிக் கட்டுவாய். இரண்டுக்கும் சிவகௌரி வீட்டிலிருந்தே பதிலைப் பாடமாக்கிக்கொண்டு வந்திருந்தார். மூன்றாவதை அவர் எதிர்பார்க்கவில்லை.

"கட்ட முடியாத ஒரு மாதம் வந்தால் என்ன செய்வாய்?"

சிவகௌரிக்கு அப்போது ஆங்கிலம் அவ்வளவு வராது. யோசித்தார். வேறு வழி தெரியாமல், "வந்து உங்களுக்குச் சொல்லுவேன்" என்றார்.

பேர்ல் மற்ற இருவரையும் பார்த்தார். அவர்கள் தலையசைத்தார்கள். "எங்களுக்கு அது போதும்" என்றார் பேர்ல்.

இந்தக் கதையை சிவகௌரி எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் 'போதும்' என்ற இடத்தில் சற்று நிறுத்துவார். பிறகு இன்னொரு கடன், மகேசனின் ஈமச்செலவுக்கு. அன்று வியாழக்கிழமை இல்லை. பேர்ல் தன் வீட்டிலிருந்து சாவியோடு வந்து மண்டபத்தைத் திறந்தார். கேத்தலையும் போட்டார். அந்தத் தேநீரின் சூட்டைப் பற்றி சிவகௌரி யாருக்கும் சொன்னதில்லை.

இப்படிப்பட்ட இடத்துக்கு எப்படி நன்றி காட்டுவது? சிவகௌரி தனக்குத் தெரிந்த வழியில் காட்டினார். இரண்டு கடன்களையும் தவணைக்கு வெகு முன்னரே கட்டி முடித்தார். அதன் பிறகு கடன் என்று மண்டபத்தின் வாசலை மிதிக்கவில்லை; சேமிக்க மட்டும் போனார். மிச்சத்துக்கு வந்து சேர்ந்த ஒவ்வொரு தமிழ்க் குடும்பத்தையும் கூட்டிக்கொண்டுபோய் உறுப்பினராக்கினார். சேர்த்த கையோடு வாசலில் வைத்து ஒரு புத்திமதியும் சொல்வார்.

"காசைப் போடுங்கோ. எடுக்கிறதெண்டால் மட்டும் யோசிச்சு எடுங்கோ. இவை எங்களை நம்பின ஆக்கள். நாங்கள் கரைச்சல் குடுக்கக் கூடாது."

கரைச்சல் கொடுக்காமல் இருப்பதற்கு ஏற்பாடும் செய்தார். தன் வீட்டில் மாதச் சீட்டு ஒன்று தொடங்கினார். எல்லோரும் மாதாமாதம் ஒரே தொகை போடுவார்கள், ஒவ்வொரு மாதமும் ஒருவர் மொத்தத்தையும் எடுப்பார். அவருடைய சீட்டில் ஏலம் கூறுவது கிடையாது, கழிவு கிடையாது. யாருக்கு அவசரமோ அவருக்கு முதலில். மாதத்தின் முதல் ஞாயிறு ரோல்ஸும் பிளேன்டீயும் வைத்து, ஆருக்கு என்ன தேவை என்று கேட்பார். வீட்டு முற்பணம், கூரை ஒழுக்கு, பிள்ளையின் பல்கலைக்கழகம், எல்லாம் சீட்டில் நடந்தது. யூனியனில் தமிழர்களின் சேமிப்பு ஏறிக்கொண்டே போனது. அவர்கள் கடன் கேட்டு வருவது நின்றுபோனது. சிவகௌரிக்கு இதில் பெருமை.

யூனியனின் பொருளாளர் கிறிஸ்துநாயகம். தபால் நிலையத்தில் கடிதம் பிரிக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய தமையனின் மகள் அமெரிக்காவில், பொஸ்டனுக்குக் கிட்ட இருக்கிறாள். ஒரு கோடையில் அவளிடம் போனவர், நியூ ஹாம்ஷயரில் மான்செஸ்டர் என்ற பழைய ஆலை நகரத்துக்குப் போய், அமெரிக்காவின் முதல் கிரெடிட் யூனியன் நடந்த வீட்டின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டு வந்தார். மற்றவர்கள் நயாகராவில் எடுத்த படத்தைக் காட்டுவார்கள். இவர் இதைக் காட்டுவார்.

ஒவ்வொரு ஆண்டுக் கூட்டத்திலும் கணக்கு வாசிக்க எழும்புவார், இரண்டாவது நிமிடத்தில் அங்கே போய்விடுவார்.

"அண்ணை பிளேன் ஏறிட்டார்" என்று பின்வரிசையில் பாலேந்திரா சொல்வார். பாலேந்திராவுக்கு லண்டன் ரோட்டில் பலசரக்குக் கடை. வாய் சும்மா இருக்காது.

"பகிடி பண்ணாதை பாலேந்திரா. கேள். கனடாவிலையிருந்து வந்த சனம், பிரெஞ்சு கதைக்கிற நெசவாலைத் தொழிலாளர். வங்கி அவையைத் திரும்பியும் பாக்கேல்லை. கத்தோலிக்கக் கோயில் சுவாமியார் சொல்லி, ஒரு வக்கீலின்ரை வீட்டு அறையிலை தொடங்கினது. சனம் ஆலை விட்டு வாற வழியிலை வந்து சில்லறையைக் குடுத்திட்டுப் போகும். பிறகு முப்பதுகளிலை ஊர் வங்கியள் ஆயிரக்கணக்கிலை இழுத்து மூடினவங்கள். அந்த நேரம்தான் இதுக்கெண்டு நாடு முழுக்கச் சட்டம் வந்தது. பிறகு பார், ஆலைக்கு ஒண்டு, பள்ளிக்கூடத்துக்கு ஒண்டு, கோயிலுக்கு ஒண்டு."

"இப்ப?"

"இப்ப பெரிசு சின்னனை விழுங்குது. ஊர் வங்கியளுக்கும் அதுதான், இதுக்கும் அதுதான். யூனியனின்ரை எண்ணிக்கை அரைவாசிக்கும் அரைவாசியாப் போச்சு. சேர்ந்திருக்கிற ஆக்கள் மட்டும் முந்தியிலும் பாக்கக் கூட."

"அப்ப நல்லதுதானே."

"நல்லதுதான். ஆனால் அந்த வக்கீல் வீட்டு அறை இப்ப மியூசியம்" என்பார் கிறிஸ்துநாயகம், உட்காருவார்.

இந்த வருடம் ஜனவரியில் நடந்த கூட்டத்தில் அவர் அமெரிக்காவுக்குப் போகவில்லை. சுவரில் ஒரு படம் காட்டினார். ஒரு கோடு மேலே ஏறியது, அது சேமிப்பு. இன்னொரு கோடு கீழே இறங்கியது; அது கடன். மேலே போகிற கோட்டைப் பார்த்துச் சிலர் கை தட்டினார்கள்.

"கை தட்டாதேங்கோ" என்றார் கிறிஸ்துநாயகம். பிறகு எல்லோருக்கும் விளங்கும்படி ஆங்கிலத்தில் சொன்னார். கடன் போகாவிட்டால் வட்டி வராது. வட்டி வராவிட்டால் வாடகை கொடுக்க முடியாது. தென்லண்டனில் ஒரு பெரிய கிரெடிட் யூனியன் இதை எடுத்துக்கொள்ளத் தயாராக இருக்கிறது. சேமிப்புக்கு ஒரு ஆபத்தும் இல்லை. எல்லாம் தொலைபேசியிலும் ஆப்பிலும் நடக்கும். வியாழக்கிழமை மேசை இருக்காது. கோடை வரைக்கும் பார்க்கலாம், கீழே போகிற கோடு திரும்பாவிட்டால் ஜூலையில் இணைப்புக்கு வாக்கெடுப்பு.

பேர்ல் எழுந்தார். அவருக்கு முழங்கால் நோவு. மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எனக்கு ஒன்று விளங்கவில்லை. நம் உறுப்பினர்களில் பாதிக்கு மேல் தமிழர்கள். யாருமே கடன் எடுப்பதில்லை. நாங்கள் ஏதாவது தவறாக நடந்துகொண்டோமா?"

சிவகௌரி எழுந்தார். இந்தக் கேள்விக்கு அவரிடம் நல்ல பதில் இருந்தது. "இல்லை மிஸ் பேர்ல். நீங்கள் எங்களுக்குச் செய்ததை நாங்கள் மறக்கவில்லை. அதனால்தான் உங்களுக்குத் தொந்தரவு தருவதில்லை. கடன் எடுக்கவேண்டாம் என்று எல்லோருக்கும் சொல்லி வைத்திருக்கிறேன். அவசரத்துக்கு எங்களிடம் சீட்டு இருக்கிறது."

"சீட்டு என்றால்?"

சிவகௌரி விளக்கினார்.

"ஓ, நாங்கள் பார்ட்னர் என்று சொல்வது" என்றார் பேர்ல். "என் அம்மாவும் ஜமேய்க்காவில், கிங்ஸ்டனில் நடத்தினாள். எங்கள் ஆட்கள் இங்கே வந்தும் நடத்தினார்கள். அதிலிருந்துதான் இந்த யூனியனே முளைத்தது." கண்ணாடியைக் கழற்றினார். சிரிக்கத் தொடங்கினார். நிற்க முடியாமல் உட்கார்ந்து சிரித்தார். கண்ணைத் துடைத்தார்.

"கோரி, நான் ஒரு கடை வைத்திருக்கிறேன். நீ தெருவில் உள்ள எல்லோரையும் கூட்டிக்கொண்டு வருகிறாய். வருகிறவர்கள் எல்லாம் எனக்கு நன்றி சொல்லிவிட்டு, ஒன்றும் வாங்காமல் போகிறார்கள். என் கடை என்ன ஆகும்?"

சிவகௌரி நின்றபடியே இருந்தார்.

"அக்கா, இருங்கோ" என்றார் பாலேந்திரா மெல்லமாக. "அப்ப நாங்கள் நன்றி காட்டியே யூனியனை மூடப்போறம்."

அன்று வீட்டுக்குப் போகும் வழியில் சிவகௌரி யாரோடும் கதைக்கவில்லை. டிராம் தண்டவாளத்துக்கு மேலால் போகும் பாலத்தில் சற்று நின்றார். தன் வீட்டு வரவேற்பறையில், ரோல்ஸும் பிளேன்டீயும் வைத்து, எல்லோரும் சிரித்த முகத்தோடு, மாதாமாதம் அந்த மேசையின் காலை அறுத்திருக்கிறார்கள். கெட்ட எண்ணம் ஒருவருக்கும் இல்லை. அது பெரிய ஆறுதலாக இருக்கவில்லை.

பிழையைத் திருத்தவேண்டியது தான்தான் என்பதில் அவருக்குச் சந்தேகம் இல்லை. பெப்ரவரியின் முதல் ஞாயிறு சீட்டுக்கு வந்தவர்களிடம், நடக்கிற சுற்று முடிய சீட்டை நிறுத்தப்போகிறேன், இனி தேவையென்றால் யூனியனில் கடன் எடுங்கள் என்றார். ரோல்ஸ் மிஞ்சியது. அடுத்த நாள் வேலை முடிந்து பாலேந்திராவின் கடைக்குப் போனார்.

"உன்ரை ஃப்ரீசர் சத்தம் போடுது. புதுசு வாங்கன்."

"வாங்கத்தான் வேணும். சீட்டு எடுக்கேக்கை பாப்பம்."

"யூனியனிலை கடன் எடு."

பாலேந்திரா கடைக்குள் வேறு யாரும் நிற்கிறார்களா என்று பார்த்தார். "என்னக்கா நீங்கள். வியாழக்கிழமை அந்த லைனிலை நான் நிண்டால் நாளைக்கு ஹோல்சேல்காரன் கடனுக்குச் சாமான் போடுவானே? கடை விழுந்திட்டுது எண்டு சொல்லுவான்."

எல்லா வீட்டிலும் அதே பதில், வேறு வேறு சொற்களில். சேமிப்பு வரிசையில் நிற்கலாம். கடன் மேசைக்கு முன்னால் யாராவது கண்டுவிட்டால்? சிவகௌரி வாதாடினார். அவர் வாதாட வாதாட இன்னொன்று நடந்தது. சிவகௌரி அக்கா சீட்டை நிறுத்துகிறார். எங்கே போனாலும் கடனைப் பற்றியே கதைக்கிறார். இரண்டையும் கூட்டிப் பார்த்தால் மிச்சத்தில் யாருக்கும் ஒரே விடைதான் வரும்.

முதலில் பாலேந்திரா ஒரு மூட்டை சம்பா அரிசியை வாசலில் இறக்கிவிட்டு, "பழைய ஸ்டொக் அக்கா, கடையிலை இடமில்லை" என்று சொல்லிவிட்டு நிற்காமல் போனார். அரிசி புதிது. பிறகு றோஸ்மலர் வந்தார். அவர் ஹீத்ரோவில் விமானச் சாப்பாடு பொதி செய்பவர். மிச்சத்தில் குடியேறிய புதிதில் வீட்டு முற்பணத்துக்கு சிவகௌரி முதல் சீட்டைக் கொடுத்த ஆள். ஷிப்ட் முடிந்து அங்கிருந்து நேரே வந்திருந்தார். தேநீர் குடித்தார். போகும்போது குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே ஒரு என்வலப்பை வைத்துவிட்டுப் போனார். பிறகு இன்னும் என்வலப்புகள். கடிதப் பெட்டி வழியாக ஒன்று, பேர் இல்லாமல். கிங்ஸ்பரியிலிருந்து சயந்தினி தொலைபேசியில் அழைத்தாள்.

"அம்மா, what happened? ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"என்னத்தை?"

"மூண்டு அன்ரிமார் கோல் பண்ணீட்டினம். ஒராள் அழுதவ. நீங்கள் வீட்டை விக்கப்போறியளாம். I work in a bank, அம்மா. என்னட்டைக் கேக்க வேண்டாமே?"

"ஒருத்தரும் வீட்டை விக்கேல்லை. அரிசி கிடக்கு, வந்து கொண்டு போ."

தொலைபேசியை வைத்தபின் சிவகௌரி என்வலப்புகளை மேசையில் பரப்பினார். திறந்து பார்க்கவில்லை. ஒன்றை மட்டும் கையில் எடுத்து, தாளின் மேலால் தடவினார். கஷ்டம் வந்தால் என்ன செய்வார்கள் என்று இத்தனை வருடத்தில் அவர் நினைத்துப் பார்த்ததில்லை. இப்போது கஷ்டம் இல்லாமலே தெரிந்துவிட்டது. கண் கலங்கியது. பிறகு சிரிப்பு வந்தது. வீட்டில் யாரும் இல்லை. கை தன்பாட்டில் வாய்க்குப் போனது.

அடுத்த ஞாயிறு எல்லோரையும் கூப்பிட்டார். கிறிஸ்துநாயகமும் வந்தார். சிவகௌரி என்வலப்புகளை அவரவர் கையில் கொடுத்தார். பேர் இல்லாததை மேசை நடுவில் வைத்து, "இதை எடுக்கிறதுக்கு எல்லாரும் கண்ணை மூடுவம்" என்றார். திறந்தபோது அது இல்லை.

"எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. உங்கடை மனசுக்கு நான் என்ன சொல்லுறது. ஆனால் வியாழக்கிழமை மேசை போகப்போகுது. நான் சொல்லித்தான் நீங்கள் கடன் எடுக்காமல் விட்டனீங்கள். இப்ப நான்தான் சொல்லுறன், எடுங்கோ."

"எங்களை எடுக்கச் சொல்லுறியள்" என்றார் றோஸ்மலர். "நீங்கள் எடுக்கேல்லையே."

"எனக்கு என்னத்துக்கு? ஒரு தேவையும் இல்லை."

எல்லோரும் அவருடைய முகத்தைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டார்கள். அந்தப் பாடு சிவகௌரிக்கு விளங்கியது.

"ஓம். பல்லைத்தானே சொல்லுறியள்."

"நாங்கள் ஒண்டும் சொல்லேல்லை" என்றார் பாலேந்திரா.

"பல்லுக்குப் போய் ஆராவது கடன் எடுப்பினமே? பல் முரசுக்குள்ளை பதிக்கிற பல்லுக்கு என்ன விலை எண்டு தெரியுமே?"

"அக்கா, இஞ்சை பாருங்கோ. நீங்கள் பல்லுக்கு எடுத்தால் நான் ஃப்ரீசருக்கு எடுக்கிறன். லைனிலை உங்களுக்குப் பின்னாலை நிக்கிறன். ஹோல்சேல்காரன் பாத்தால் பாக்கட்டும்."

"நீ பகிடிக்குச் சொல்லுறாய்."

"அந்தோனியார் மேலை சத்தியம்."

"நீ சைவமடா."

"அவர் எல்லாருக்கும் பொது" என்றார் றோஸ்மலர்.

சிவகௌரி அன்று பேச்சை மாற்றிவிட்டார். தனக்காக மட்டும் ஒன்று வாங்குவதற்குக் கடன் எடுப்பதை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. வேலைக்கு எடுத்தார், சாவுக்கு எடுத்தார். வாய்க்கு?

திங்கட்கிழமை காலை மினிபஸ்ஸில் முதலில் ஏறியது அமீனா. எட்டு வயது. பேசமாட்டாள், மற்றவர்கள் செய்வதைப் பார்த்துச் செய்வாள். அவளுடைய தாய் இருக்கைப் பட்டியைப் பூட்டிவிட்டு, ஒரு விஷயம் கேட்கவேண்டும் என்றார். "இவள் இப்போது சிரிக்கும்போதெல்லாம் கையால் வாயைப் பொத்துகிறாள். பள்ளியில் யாராவது இவளை ஏசுகிறார்களா? உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

தெரியாது என்று சிவகௌரி சொன்னார். கதவு மூடியது. சாரதி இருக்கையிலிருந்து பின்பார்வைக் கண்ணாடியில் பார்த்தார். அமீனா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிவகௌரி அவளைப் பார்த்துச் சிரித்தார். அவருடைய இடது கை ஸ்டியரிங்கிலிருந்து எழுந்தது. அமீனாவின் இடது கையும் எழுந்தது.

வியாழக்கிழமை சிவகௌரி கடன் மேசைக்கு முன்னால் நின்றார். பின்னால் பாலேந்திரா, ஜாக்கெட்டின் கழுத்தை உயர்த்திவிட்டு. பாலேந்திராவுக்குப் பின்னால் றோஸ்மலர்; அவருக்கு ஒன்றும் தேவையில்லை, பார்க்க வந்திருந்தார். பேர்லும் கிறிஸ்துநாயகமும் இன்னொருவரும் குழுவாக உட்கார்ந்திருந்தார்கள். தேநீர் வந்தது.

"எதற்காக?" என்றார் பேர்ல்.

"பல் வைக்க."

கிறிஸ்துநாயகம் தொண்டையைச் செருமினார். "அமெரிக்கச் சட்டத்தில் தொடக்கத்திலேயே ஒன்று எழுதி வைத்தார்கள். கடன் பயனுள்ள தேவைக்காக இருக்கவேண்டும் என்று."

"பல் பயனில்லையோ?" என்றார் பாலேந்திரா பின்னாலிருந்து. "அக்கா முறுக்குக் கடிச்சு எத்தினை வருசம்?"

"எப்படித் திருப்பிக் கட்டுவாய்?" பேர்ல் அவர்களைக் கவனிக்கவில்லை.

சிவகௌரி சொன்னார்.

"கட்ட முடியாத ஒரு மாதம் வந்தால்?"

"வந்து உங்களுக்குச் சொல்லுவேன்."

பேர்ல் பேனாவை எடுத்தார். பிறகு கீழே வைத்தார். "உனக்கு மட்டும் நாலாவது கேள்வி ஒன்று இருக்கிறது. கையில் காசு கூடுதலாக இருக்கிற மாதம் வந்தால் என்ன செய்வாய்?"

சிவகௌரி தேநீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இதற்குப் பதில் சொல்லத்தான் அவருக்கு அதிக நேரம் எடுத்தது.

"முந்திக் கட்டாமல், பேசாமல் இருப்பேன்" என்றார்.

பல் வைத்து முடிய மாதங்கள் ஆயின. இடையில் ஈறு வீங்கியது, கஞ்சியில் காலம் போனது. முடிந்தபோது கேட்காதவர்கள் இல்லை. ஆர் செய்தது, நொந்ததா, எவ்வளவு முடிந்தது? கடைசியாகத் தாழ்ந்த குரலில், காசுக்கு என்ன செய்தனீங்கள்? "யூனியனிலை கடன்" என்பார் சிவகௌரி, குரலைத் தாழ்த்தாமல், எல்லாப் பல்லும் தெரிய. பாலேந்திரா கடையின் புது ஃப்ரீசர் சத்தமில்லாமல் இருந்தது. அதைப் பற்றி அவர் சத்தமாகச் சொன்னார். ஹோல்சேல்காரரே வந்து யூனியனின் வட்டி வீதத்தை விசாரித்துவிட்டுப் போனார். றோஸ்மலர் ஒரு பழைய கார் எடுத்தார். இன்னும் சிலர், சத்தம் போடாமல்.

ஜூலைக் கூட்டத்தில் கீழே போன கோடு திரும்பியிருந்தது. பெரிதாக இல்லை, நுனி மட்டும் சற்று நிமிர்ந்திருந்தது. இணைப்பை ஒரு வருடம் ஒத்திவைப்போம் என்று வாக்களித்தார்கள். அடுத்த வருடம் மறுபடி பார்க்கவேண்டும். கிறிஸ்துநாயகம் ஆறுதலாக எழுந்து நியூ ஹாம்ஷயருக்குப் போனார். யாரும் தடுக்கவில்லை. வக்கீல் வீட்டுப் படத்தைக் கைக்குக் கை மாற்றிப் பார்த்தார்கள்.

கோடை விடுமுறையில் சிவகௌரி விளையாட்டு முகாம்களுக்குப் பிள்ளைகளை ஏற்றிப் போனார். மேலதிகச் சம்பளம் வந்தது. கடனை முந்தியே கட்டிவிட அந்தப் பணத்தை எடுத்துக்கொண்டு வியாழக்கிழமை மண்டபத்துக்குப் போனார். கால்கள் வழி தெரிந்து தாமாகவே போயின. மேசையில் வைத்தார்.

பேர்ல் பணத்தைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "சட்டப்படி நீ கொடுத்தால் நான் வாங்கவேண்டும்."

"தெரியும்."

"வேண்டாம் என்று கேட்கிறேன். இன்னும் கொஞ்சக் காலம் எங்களோடு இரு."

சிவகௌரி பணத்தைக் கைப்பைக்குள் வைத்தார். வாசல் வரை போய்த் திரும்பிப் பார்த்தார். பேர்ல் அடுத்த ஆளிடம் எதற்காக என்று கேட்டுக்கொண்டிருந்தார். வெளியே வெயில் இருந்தது. கட்டி முடிக்காத கடனோடு நடப்பது சிவகௌரிக்குப் புதிது. கால் கொஞ்சம் கூசியது. மணிக்கூடு வரை போவதற்குள் வழக்கம்போல மறித்தார்கள், நின்று கதைத்தார்.

செப்டெம்பரில் பள்ளி தொடங்கியது. அமீனா ஏறினாள். கோடையில் வளர்ந்திருந்தாள். சிவகௌரி கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார், இரண்டு கையும் ஸ்டியரிங்கில். அமீனா வெகு நேரம் பார்த்தாள். பிறகு சிரித்தாள், வாயைப் பொத்திக்கொண்டு.

அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும். சிவகௌரி ஒவ்வொரு காலையும் கையை ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டு சிரித்தார். அவசரப்படவில்லை. கடன் முடிய இன்னும் காலம் இருந்தது.